60 லட்சத்தை ஒன்பது மாதத்துக்கு எப்படிப் பிரிப்பது? திட்ட பட்ஜெட்டும் கணக்குக் காலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பழுதுபார்த்து விடுதியாக்குகிறவர்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் பிழைப்பு. மொத்த பட்ஜெட் எவ்வளவு என்பதில் யாருக்கும் குழப்பம் இருப்பதில்லை. ஆசாரியும் கொத்தனாரும் சொன்ன தொகையைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். அந்தத் தொகையில் எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம்தான். பங்காளிகள் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனமாக நடத்தப்போகும் விடுதி. வேலை 2026 ஜனவரி 1 முதல் செப்டம்பர் 30 வரை. மொத்தம் 60 லட்சம் ரூபாய்: கூரையும் மரவேலையும் 18, சுண்ணாம்புப் பூச்சு 14, மின்சாரம், குழாய், குளியலறை 11, ஆத்தங்குடி ஓடு பதிப்பது 8, மேற்பார்வையும் காவலும் 4.5, எதிர்பாராச் செலவு 4.5. வீடு கற்பனை. எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.

கணக்குக் காலம் என்றால் என்ன? மாதமா, வருஷமா?

நீங்கள் எந்த இடைவெளியில் கணக்கை நிறுத்திப் பார்க்கிறீர்களோ அதுதான். நமக்கு மாதம் போதும். ஆனால் நிதியாண்டு முடியும் மார்ச் 31 என்ற கோட்டை மட்டும் யாரும் நகர்த்த முடியாது. நம் வீட்டு வேலையில் மூன்று மாதம் 2025-26 நிதியாண்டில் விழுகிறது, ஆறு மாதம் 2026-27-ல்.

அந்தக் காலத்தில் பர்மாவுக்குப் போன செட்டியார் கடை முகவர்களுக்கு மூன்று வருஷம்தான் கணக்கு. போனவர் மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்து கணக்கை ஒப்படைப்பார். அதுவும் ஒரு கணக்குக் காலம்தான். இன்று வருமான வரித் துறை அவ்வளவு பொறுமையாக இருக்காது.

60-ஐ ஒன்பதால் வகுத்தால் வேலை முடிந்ததே? ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

வகுக்கலாம். மாதம் 6,66,667 ரூபாய் வரும். மூன்று மாதத்தில் 20 லட்சம் என்று ஆகும். காவல்காரர் சம்பளம் மாதிரி மாதாமாதம் ஒரே அளவில் போகும் செலவுக்கு இதுவே சரியான முறை, அதைவிட நுணுக்கம் தேவையில்லை. நம் பட்டியலில் மேற்பார்வை 4.5 லட்சத்தை மாதம் 50,000 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

கூரை அப்படியில்லை. நாட்டு ஓட்டைப் பிரித்து, கறையான் தின்ற சட்டத்தை மாற்றி, திரும்ப ஓடு வேய்வது முதல் மூன்று மாதத்திலேயே முடிந்துவிடும். முடிந்தாக வேண்டும், ஏனென்றால் கூரை ஒழுகும் வீட்டில் யாரும் சுவர் பூச மாட்டார்கள். ஆக 18 லட்சமும் மார்ச்சுக்குள். சுண்ணாம்புப் பூச்சு பிப்ரவரியில் 2, பிறகு மார்ச், ஏப்ரல், மே மூன்றிலும் மாதம் 4 லட்சம். இப்படி ஒவ்வொரு தலைப்பையும் அதன் போக்கில் வைத்துக் கூட்டினால் மார்ச் வரை 25.5 லட்சம் வருகிறது. சமமாக வகுத்தவர் 20 லட்சத்தோடு ஒப்பிட்டு, "ஐந்தரை லட்சம் கூடுதல் செலவு" என்று மேஸ்திரியோடு சண்டைக்குப் போவார். கூடுதலாக ஒரு ரூபாயும் போயிருக்காது.

சொந்த அனுபவம் ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் வகுத்துக் கொடுத்தேன். அதை நம்பி வீட்டுக்காரர்கள் மாதாமாதம் அளவாகப் பணம் அனுப்பினார்கள். இரண்டாவது மாதமே கையிருப்பு தீர்ந்தது. தரை ஓட்டுக்கு முன்பணம் கொடுக்க முடியாமல், எங்கள் முறை இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வேலை ஏழு வாரம் நின்றது. தப்பு என் வகுத்தலில்தான்.

நாள் கணக்கில் பிரித்தால் இன்னும் துல்லியமா?

மாதத்தின் நடுவில் தொடங்கும் அல்லது முடியும் செலவுக்குத் துல்லியம். காப்பீடு, வாடகை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் மாதிரி நாள் ஓட ஓடத் தீரும் செலவுகள் இவை. முழுத் திட்டத்துக்கும் இதைப் போட்டால் பெரிய லாபமில்லை. நம் ஒன்பது மாதத்தில் 273 நாள், மார்ச் வரை 90. அந்தக் கணக்கில் 19.78 லட்சம் வரும். சமமாகப் பிரித்த 20-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது, உண்மையான 25.5-க்குப் பக்கத்தில் வரவில்லை.

எக்செலில் செய்கிறவர்களுக்கு: செலவின் முடிவுத் தேதி, மாதத்தின் முடிவுத் தேதி இரண்டில் எது முந்தியதோ அதை எடுங்கள். தொடக்கத் தேதிகள் இரண்டில் எது பிந்தியதோ அதை அதிலிருந்து கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். அந்த மாதத்தில் விழும் நாட்கள் கிடைக்கும். எதிர்மறையாக வந்தால் பூஜ்யம் என்று வையுங்கள். ஒன்றைக் கூட்ட மறப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

வாரக் கூலிக்கும் இதே முறைதான். 2026 மார்ச் 31 செவ்வாய்க்கிழமை. அந்த வாரக் கூலி ஏப்ரல் 4, சனிக்கிழமை 48,000 கொடுக்கிறீர்கள். திங்களும் செவ்வாயும் மார்ச், மீதி நான்கு நாள் ஏப்ரல். ஆகவே 16,000 பழைய ஆண்டுக்கு, 32,000 புதிய ஆண்டுக்கு.

எந்த மாதத்தில் எந்த வேலை நடக்கும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியாது, கொத்தனாருக்குத் தெரியும். பட்ஜெட் பிரிக்க உட்காரும்போது ஆடிட்டரைக் கூப்பிடுகிறவர்கள் மேஸ்திரியைக் கூப்பிடுவதில்லை. முதலில் அவரைத்தான் உட்கார வைக்க வேண்டும்.

அவர் சொல்லும் விஷயங்கள் எந்த மென்பொருளிலும் இருக்காது. சுண்ணாம்பை வாங்கின அன்றே பூச முடியாது, நீற்றிப் போட்டுப் புளிக்க விட வேண்டும். கடுக்காய்த் தண்ணீர் ஊற வேண்டும். பூச்சு ஒரு தடவையில் முடியாது, அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் காய நாள் வேண்டும், காயும்போது வெடிக்காமல் இருக்க ஈரம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றும் கடைசிப் பூச்சுக்குத்தான் கை தேர்ந்த ஆள் வேண்டும், கூலியும் கூடுதல். பிப்ரவரிக்கு 2 லட்சம் மட்டும் வைத்து, பிறகு 4 ஆக ஏற்றியது இதனால்தான்.

ஆத்தங்குடி ஓடும் அப்படித்தான். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, பிறகு தண்ணீரில் போட்டு, வெயிலில் காய வைத்து எடுக்கிற சாமான். கடையில் போய் அள்ளிக்கொண்டு வர முடியாது. மே மாதம் பதிக்க வேண்டுமென்றால் பிப்ரவரியில் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் நாட்காட்டி. ஜனவரி முதல் பாதி மார்கழி. தை பிறக்காமல் கூரையில் கை வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டால் அந்த இரண்டு வாரம் போச்சு. பொங்கல் முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்ப மேலும் சில நாள். அதனால்தான் ஜனவரிக்குக் கூரையில் 5 லட்சமும் பிப்ரவரிக்கு 7 லட்சமும் வைத்திருக்கிறேன். காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா நாட்களில் ஆள்வரத்து குறையும். வளவில் (வீட்டு முற்றத்தில்) கல்யாணம் வைத்துவிட்டால் வேலை நின்றேவிடும். இவற்றுக்கெல்லாம் மேல், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. அதற்கு முன்னால் பூச்சும் தரையும் முடிந்து காய்ந்திருக்க வேண்டும்.

முன்பணம் கொடுத்த மாதத்தில் செலவு எழுதுவதா, வேலை நடந்த மாதத்திலா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். வேலை நடந்த மாதத்தில்தான் செலவு. பணம் போன மாதம் என்பது வேறொரு அட்டவணை. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதப் பார்ப்பதால்தான் பட்ஜெட் குழம்புகிறது. ஒரே 60 லட்சத்தை இரண்டு முறை எழுதுங்கள். ஒன்று வேலைக் கணக்கு, மற்றது பணக் கணக்கு.

ஓட்டுக்காரருக்குப் பிப்ரவரியில் பாதி, 4 லட்சம், முன்பணம் கொடுக்கிறோம். தரை பதிப்பது மேயிலும் ஜூனிலும். மார்ச் 31 அன்று அந்த 4 லட்சம் செலவு ஆகவில்லை. ஓட்டுக்காரரிடம் நிற்கும் நம் பணம், ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) சொத்துப் பக்கம் முன்பணமாக உட்காரும். தேக்குச் சட்டத்துக்கு ஜனவரியிலேயே முழுப் பணம் கட்ட வேண்டும், ஆனால் அது கூரையில் ஏறுவது மூன்று மாதத்தில். மின்வேலைக்காரருக்கு எதிர்ப்பக்கம்: இந்த மாத வேலைக்கு அடுத்த மாதம் பணம், அதிலும் 5 சதவீதம் பிடித்தம் (உத்தரவாதத்துக்காக நிறுத்திவைத்துப் பின்னால் கொடுப்பது).

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இப்படி (லட்ச ரூபாயில்):

| மாதம் | வேலைக் கணக்கு | பணக் கணக்கு |
|---|---|---|
| ஜனவரி | 5.50 | 9.50 |
| பிப்ரவரி | 9.50 | 11.50 |
| மார்ச் | 10.50 | 8.50 |
| 2025-26 மொத்தம் | 25.50 | 29.50 |
| ஏப்ரல் | 7.50 | 4.50 |
| மே | 11.50 | 7.35 |
| ஜூன் | 7.50 | 7.35 |
| ஜூலை | 2.50 | 3.35 |
| ஆகஸ்ட் | 0.50 | 2.40 |
| செப்டம்பர் | 0.50 | 0.50 |
| பின்னால் கொடுக்கும் பிடித்தம் | – | 0.55 |
| எதிர்பாராச் செலவு | 4.50 | 4.50 |
| 2026-27 மொத்தம் | 34.50 | 30.50 |

மார்ச் முடிவில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4 லட்சம். அது அந்த ஓட்டு முன்பணம்தான். இப்படி வித்தியாசத்துக்குப் பெயர் சொல்ல முடிந்தால் அட்டவணை சரி. சொல்ல முடியாவிட்டால் எங்கோ இரண்டும் கலந்துவிட்டது.

ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் முதல் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஓட்டைக்கூட இன்னும் முழுசாப் பிரிக்கல, அதுக்குள்ள ஒம்பது லட்சமா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு பத்தியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்ல முடிந்தது.

மார்ச்சில் முடிந்த வேலைக்கு ஏப்ரலில் பில் வந்தால்?

மார்ச் செலவுதான். பில் வராவிட்டாலும் மார்ச் 31 தேதியில் ஒதுக்கு வைத்துவிடுங்கள் (கொடுக்க வேண்டிய பாக்கி என்று எழுதிவிடுங்கள்), பில் வந்ததும் அதைத் தீர்த்துக்கொள்ளலாம். தொகை தெரியாவிட்டால் மேஸ்திரியை அளந்து சொல்லச் சொல்லுங்கள். உத்தேசமாக இருந்தாலும் பரவாயில்லை, பூஜ்யத்தைவிட நல்லது.

பங்காளிகளிடம் எப்போது எவ்வளவு பணம் கேட்பது?

பணக் கணக்கைப் பார்த்து. 12 பங்கு, ஆளுக்கு 5 லட்சம் என்று வையுங்கள். சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில். மாதாமாதம் ஆளுக்கு 55,556 என்று கேட்டால் பிப்ரவரி முடிவில் 13.33 லட்சம் சேர்ந்திருக்கும். ஆனால் அதற்குள் போக வேண்டியது 21 லட்சம். அங்கேதான் வேலை நிற்கும்.

மாதாமாதம் கேட்பதே எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்பது முறை நினைவூட்டினால் உறவே கசந்துவிடும். நான்கு தவணை போதும். ஜனவரி 1-ல் ஆளுக்கு 2 லட்சம், மார்ச் 1-ல் 1 லட்சம், மே 1-ல் 1.25 லட்சம், ஜூலை 1-ல் 75,000. கையில் சேர்வது முறையே 24, 36, 51, 60 லட்சம். அடுத்த தவணை வரும்வரை போக வேண்டிய பணம் முறையே 21, 34, 48.7 லட்சம். எங்கும் இரண்டு மூன்று லட்சம் மிச்சம் இருக்கிறது. ஒருவர் ஒரு வாரம் தாமதித்தால் தாங்கும், மூன்று பேர் தாமதித்தால் தாங்காது.

கோயில் புள்ளி வரி மாதிரி எல்லோருக்கும் ஒரே தொகை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் பங்கு சமமாக இல்லாவிட்டால் தவணையையும் பங்கின் விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும். தேதிகள் மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

வங்கிக் கடன் எடுப்பவர்களுக்கும் பணக் கணக்குதான் வழிகாட்டி, வட்டி ஓடுவது பணம் எடுத்த நாளிலிருந்து அல்லவா.

எதிர்பாராச் செலவு 4.5 லட்சத்தை எந்த மாதத்தில் போடுவது?

எந்த மாதத்திலும் போடாதீர்கள். மாதம் 50,000 என்று தூவிவிட்டால் அது எதிர்பார்த்த செலவாகிவிடும், மாதாமாதம் சத்தமில்லாமல் கரையும். தனி வரியில் வையுங்கள். எடுக்கும்போது எந்தத் தலைப்புக்கு, எந்த மாதத்துக்கு, என்ன காரணத்துக்கு என்று ஒரு வரி எழுதி அங்கே மாற்றுங்கள். ஆண்டு மொத்தத்துக்காக அதை 2026-27-ல் காட்டியிருக்கிறேன், அவ்வளவே.

ஆனால் பழைய வீட்டில் எதிர்பாராதது பெரும்பாலும் கூரையைப் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். வெளியே உறுதியாகத் தெரியும் விட்டத்தின் உள்ளே கறையான் கூடு இருக்கும். ஆகவே ஒன்று ஒன்றரை லட்சமாவது முதல் மூன்று மாதத்திலேயே எடுக்கும்படி இருக்கட்டும். மேலே சொன்ன முதல் தவணையில் இருக்கும் மிச்சம் இதற்கும் சேர்த்துத்தான்.

ஜிஎஸ்டி பட்ஜெட்டுக்குள்ளா, வெளியிலா?

உள்ளே. ஒப்பந்தக்காரரின் கட்டட வேலைக்கு 18 சதவீதம். கட்டடத்தின் விலையோடு சேர்த்து மூலதனமாக்கும் புதுப்பிப்பு வேலைக்கு அந்த வரியைத் திரும்ப வரவு எடுக்க முடியாது. விடுதி பின்னால் ஜிஎஸ்டி வசூலித்தாலும் நிலைமை அதுதான். எனவே அது செலவு. மின்வேலைக்கு 11 லட்சம் என்று ஒருவர் சொன்னால் வரி சேர்த்தா என்று கேளுங்கள். சேர்க்காமல் என்றால் 12.98 லட்சம்.

டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டியவர்கள் பணக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். மொத்தத் தொகை மாறாது, கொஞ்சம் பணம் ஒரு மாதம் தள்ளிப் போகும்.

மார்ச் வரை பூச்சுக்கு 6 லட்சம் வைத்தோம், 3.5 தான் ஆனது. 2.5 லட்சம் மிச்சமா?

சுவரைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

மொத்தப் பூச்சில் கால்வாசி முடிந்திருக்கிறது என்று வைப்போம். 14 லட்சத்தில் கால்வாசி 3.5. செலவும் 3.5. அப்படியானால் மிச்சமும் இல்லை, நஷ்டமும் இல்லை, வேலை பிந்தியிருக்கிறது. 2.5 லட்சம் பின்னால் வரும். இன்னொரு விதமாக, அளந்து பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் முடிந்திருக்கிறது என்றால், அந்த வேலைக்குப் பட்ஜெட்டில் 2.8 லட்சம்தான். 3.5 கொடுத்திருக்கிறோம். வேலையும் பிந்திவிட்டது, விலையும் ஏறிவிட்டது. இதே வேகத்தில் போனால் பூச்சு 17.5 லட்சத்தில் போய் நிற்கும். பட்ஜெட்டுக்குக் கீழே செலவு இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட அதே மாதத்தில் 3.5 லட்சப் பள்ளம் உருவாகிக்கொண்டிருக்கிறது.

இதனால்தான் மாத முடிவில் பில்லோடு கூடவே எத்தனை சதுர அடி முடிந்தது என்றும் எழுதி வாங்குகிறேன். மேஸ்திரிகளுக்கு இது பிடிக்காது. முதல் இரண்டு மாதம் முனகுவார்கள், அப்புறம் பழகிவிடும்.

வேலை பிந்தினால் பழைய மாதங்களைத் திருத்தலாமா?

கூடாது. முடிந்த மாதத்தின் பட்ஜெட்டை நடந்ததற்குப் பொருந்துமாறு மாற்றினால் வித்தியாசமே இருக்காது, பட்ஜெட் போட்டதற்கும் அர்த்தம் இருக்காது. முதல் பட்ஜெட் பத்தி அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் "திருத்தியது" என்று இன்னொரு பத்தி போட்டு, வரப்போகும் மாதங்களை மட்டும் மாற்றுங்கள்.

கால்வாசி முடிந்த நிலையில் மீதி 10.5 லட்சம். இதையும் சமமாகப் பிரிக்காதீர்கள், மேஸ்திரியைத் திரும்ப உட்கார வையுங்கள். ஏப்ரல் 4, மே 4, ஜூன் 2.5 என்று அவர் சொல்லலாம். பூச்சு ஜூனுக்குப் போனால் தரை அங்கேயே நிற்க முடியாது, சுண்ணாம்பு சிந்தும் இடத்தில் புது ஓடு பதிப்பவர் இல்லை. தரை ஜூன், ஜூலைக்கு நகரும். ஒரு தலைப்பை மட்டும் நகர்த்தி மற்றதை விட்டுவிட்டால் திருத்திய பட்ஜெட் முதல் பட்ஜெட்டைவிட மோசமாக இருக்கும்.

உண்மைக் கணக்கைத் திருத்துவது வேறு சங்கதி. நீங்கள் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தையும் தானே பதிந்துவைக்கும் வசதியுள்ள மென்பொருளில்தான் கணக்கு இருக்க வேண்டும். அந்தப் பதிவை அணைத்துவைக்கவும் முடியாது.

இதெல்லாம் கட்டடச் செலவு, லாப நஷ்டத்துக்கே வராது. பிறகு எந்த ஆண்டு என்பதில் என்ன இருக்கிறது?

பாதி சரி. விடுதி திறக்கும்வரை இவை முடிவுறாத மூலதனப் பணி என்ற தலைப்பில் ஐந்தொகையில் சேர்ந்துகொண்டே போகும், மார்ச் 31 தாண்டும்போது 25.5 லட்சமும் அப்படியே அடுத்த ஆண்டுக்குப் போகும். தேய்மானம் தொடங்குவது கட்டடம் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான்.

ஆண்டு முக்கியமாவது அங்கேதான். வருமான வரிக் கணக்கில் ஒரு சொத்து, வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அந்த ஆண்டுக்குப் பாதித் தேய்மானம்தான். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் 2026-ல் அந்த எல்லை அக்டோபர் 3. அன்றைக்குள் விடுதி பயன்பாட்டுக்கு வந்தால் 60 லட்சத்துக்கு 10 சதவீதம், 6 லட்சம். அக்டோபர் 4 என்றால் 3 லட்சம். மீதி 3 லட்சம் தொலைந்துவிடாது, அடுத்தடுத்த ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். நம் திட்டம் செப்டம்பர் 30-ல் முடிகிறது. மூன்று நாள்தான் இடைவெளி. பூச்சு ஒரு மாதம் பிந்தினால் இது கைவிட்டுப் போகும் என்பதை வீட்டுக்காரர்களிடம் ஏப்ரலிலேயே சொல்லிவிடுவேன். அதற்காக ஈரம் காயாத சுவர்மேல் வண்ணம் அடிக்கச் சொன்னால் மட்டும் நான் சேர மாட்டேன்.

எங்களுடையது அறக்கட்டளை. பள்ளிக்கூடக் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம். இதே முறைதானா?

உள்நிர்வாகத்துக்கு இதே முறை. வரிக்கு வேறு. வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே அறப்பணிக்குச் செலவிட வேண்டும், அதுவும் உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கணக்கில் வரும். கட்டடச் செலவும் இதில் சேரும். மார்ச்சில் வேலை முடிந்து பணம் ஏப்ரலில் போனால் இந்த ஆண்டுக்கு அது உதவாது. மேலே வேலைக் கணக்குக்குக் கொடுத்த முதலிடத்தை இங்கே பணக் கணக்குக்குக் கொடுங்கள். செலவிட முடியாது என்று முன்பே தெரிந்தால், குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்து ஆண்டுவரை சேர்த்துவைக்க உரிய படிவம் இருக்கிறது. அதை உரிய தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

நான் வீட்டுக்காரர் இல்லை, ஒப்பந்தக்காரர். என் பக்கம்?

வேலை எந்த அளவுக்கு முடிந்ததோ அந்த விகிதத்தில் வருமானத்தையும் அந்தந்தக் காலத்துக்கு எழுத வேண்டும். வாங்கிய முன்பணம் வருமானமாகாது. வீட்டுக்காரரின் வேலைக் கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்களுடையது.

டாலி என்ற கணக்கு மென்பொருளில் இதை எப்படி ஏற்றுவது?

திட்டத்துக்கு ஒரு காஸ்ட் சென்டர் (செலவு மையம்), தலைப்புக்கு ஒரு லெட்ஜர் (பேரேட்டுக் கணக்கு). பட்ஜெட் உருவாக்கும்போது தொடக்கத் தேதி, முடிவுத் தேதி கேட்கும். ஒன்பது மாதத்துக்கும் ஒரே பட்ஜெட் போடாமல் மாதத்துக்கு ஒன்றாகப் போடுங்கள், அப்போதுதான் நீங்கள் பிரித்தது பிரித்தபடி இருக்கும். செலவுத் தலைப்புகளுக்கு "ஆன் நெட் டிரான்ஸாக்ஷன்ஸ்" வகையைத் தேர்ந்தெடுங்கள். பணக் கணக்கை நான் டாலியில் ஏற்றுவதே இல்லை, எக்செலில் ஒரு பக்கம் போதும்.

வகுக்கும்போது சில்லறை மிஞ்சுகிறதே?

6,66,667-ஐ ஒன்பதால் பெருக்கினால் 60,00,003. அந்த 3 ரூபாயைக் கடைசி மாதத்தில் குறைத்துவிடுங்கள். எல்லாத் தலைப்பிலும் ஒரே மாதிரி செய்தால் போதும். இதற்காக ஒரு மணிநேரம் தேடிய இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை செப்டம்பரில் முடிந்துவிட்டது. மின்வேலைக்காரரின் பிடித்தம் 55,000 ரூபாயை எங்கே காட்டுவது?

வேலைக் கணக்கில் அது ஏப்ரல் முதல் ஜூலை வரை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, திரும்ப எழுதாதீர்கள். ஐந்தொகையில் கொடுக்க வேண்டிய பாக்கியாக நிற்கும். ஆறு மாத உத்தரவாதம் என்றால் 2027 ஜனவரியில் கொடுக்கிறோம், பணக் கணக்கில் அந்த மாதம் வரும். அதுவரை திட்டத்தின் வங்கிக் கணக்கில் 55,000-ஐ விட்டுவைத்துவிட்டு மீதியைப் பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். முழுவதையும் பிரித்துவிட்டால் ஜனவரியில் 12 பேருக்கும் போன் போட்டு ஆளுக்கு 4,583 ரூபாய் கேட்க வேண்டியிருக்கும்.